பரணில் இருந்த பணமும் நோட்டில் இருந்த சிரிப்பும்

கேள்வி: போன இதழில் லிவர்பூல் மேடைச் சிரிப்பு நடிகர் கென் டாட் பற்றி எழுதும்போது ‘பெரிய கலைஞர்’ என்று போட்டிருந்தீர்கள். வீட்டில் பெட்டி பெட்டியாகப் பணத்தை வைத்துக்கொண்டு வரி வழக்கில் மாட்டியவர்தானே அவர்? அதோடு, விடிய விடிய வெறும் துணுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தால் அது கலையா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: பெட்டியைக் கிளப்பிவிட்டீர்கள், இனி என்னை நிறுத்த முடியாது. கலையா இல்லையா என்பதை அப்புறம் பார்க்கலாம், இடமிருந்தால்.

3,36,000 பவுண்டு. அத்தனையும் ரொக்கம். லிவர்பூல் நகரத்தின் ஓரத்தில் நாட்டி ஆஷ் என்று ஒரு பேட்டை, அதில் பழைய பண்ணை வீடு ஒன்று, அதன் பரணில் சூட்கேஸ்களில் கிடந்தது அந்தப் பணம். என் வீட்டுப் பரணில் இந்தப் பத்திரிகையின் விற்காத பிரதிகள் கிடக்கின்றன, ரெய்டு வருகிறவர்கள் தயவுசெய்து எடுத்துப் போகவும். அதுபோக பிரிட்டனுக்குப் பக்கத்தில் வரி குறைவான ஜெர்சி, ஐல் ஆஃப் மேன் தீவுகளின் வங்கிகளில் வேறு அவருக்குக் கணக்குகள் இருந்தன. 1989இல் லிவர்பூல் கிரவுன் கோர்ட்டில் வழக்கு வாரக்கணக்கில் நடந்தது. நாடே பேப்பரைப் பிரித்ததும் முதலில் அதைத்தான் படித்தது. ஒரு சூட்கேஸுக்குள் ஒரு லட்சம் பவுண்டு இருந்தால் எப்படி இருக்கும் என்று நீதிபதி கேட்க, “நோட்டெல்லாம் ரொம்ப லேசு, கனம் நீதிபதி அவர்களே” என்றார் டாட். சிறைக்குப் போகலாம் என்ற நிலையில் நிற்கிற மனிதனுக்கு அந்த இடத்தில் அந்தப் பதில் வருகிறது என்றால், உங்கள் இரண்டாவது கேள்வியில் பாதிக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

அவருக்காக வாதாடியவர் ஜார்ஜ் கார்மன். குறுக்கு விசாரணைக்குப் பேர்போன வக்கீல். அவர் ஜூரியிடம் சொன்னது: கணக்கர்களில் சிலர் கோமாளிகளாக இருப்பதுண்டு, கோமாளிகள் ஒருநாளும் கணக்கர்களாக இருப்பதில்லை. ஜூரி எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் டாட்டை விடுவித்தது. எங்கள் பத்திரிகையின் ஆடிட்டருக்கு இதைப் படித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. அந்த அரைமணி நேரத்தையும் பில்லில் சேர்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆக, மாட்டியவர் என்று எழுதும்போது வெளியே வந்தவர் என்றும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. உத்தமர் என்று நான் சொல்லவில்லை, பாக்கி வரியையும் பெரிய தொகையாகக் கட்டத்தான் வேண்டியிருந்தது. ஆனால் வழக்கு முடிந்த கையோடு அந்த வழக்கையே மேடைக்குக் கொண்டுவந்தார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. “இருநூறு வருடத்துக்கு முன்னால் வருமான வரியைக் கொண்டுவந்தபோது பவுண்டுக்கு இரண்டு பென்ஸ்தான். இன்னும் அதே ரேட்டுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் என் தப்பு.” வரித்துறை தனக்கு வைத்த செலவை வரித்துறையைக் கிண்டலடித்தே வசூல் செய்துகொண்டார்.

கார்மன் சொன்னதை அப்படியே ஏற்கவும் முடியாது. இந்தக் கோமாளி கணக்கர்தான். வரித்துறைக்குக் காட்டத் தெரியாத கணக்கை அவர் வேறு இடத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எந்த ஊரில், எந்த அரங்கில், எந்த ஜோக் எடுபட்டது, எது படுத்துவிட்டது என்று நோட்டு நோட்டாக எழுதி வைத்தார், அதுவும் ஒன்றிரண்டு வருடம் இல்லை, வாழ்நாள் முழுக்க. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து முழுவதற்கும் அவரிடம் ஒரு சிரிப்பு வரைபடமே இருந்தது. லிவர்பூலில் வெடிக்கிற ஜோக்குக்கு லண்டனில் ஏன் சிரிப்பதில்லை என்றால், அவ்வளவு தூரத்துக்குக் காதில் விழாது என்பார். வேடிக்கைதான், ஆனால் எந்த ஊர்க் காதுக்கு எந்த வேகம் என்று நோட்டைப் பார்த்துச் சொல்லக்கூடிய மனிதர் அதைச் சொல்கிறார்.

‘வெறும் துணுக்கு’ என்கிறீர்களே, எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கின்னஸ் எண்ணியது. மூன்றரை மணி நேரத்தில் 1,500 ஜோக். நிமிடத்துக்கு ஏழுக்குக் கொஞ்சம் மேலே. கேட்க வந்த ஜனங்கள் ஷிஃப்ட் போட்டு உள்ளே வந்து போனார்கள், இவர் மட்டும் அதே இடத்தில் நின்றார். எட்டு விநாடிக்கு ஒருமுறை முன்பின் தெரியாத ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைக்க வேண்டும், ஒன்று தவறினால் அடுத்த எட்டு விநாடிக்குள் அதை மறக்கடிக்கவும் வேண்டும். துணுக்கு என்பது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்து ஒரே ஒரு துணுக்கு சொல்லிப் பார்க்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு பழைய பாக்கியைத் தீர்த்துக்கொள்கிறேன், மன்னிக்கவும். சில வருடங்களுக்கு முன் ஒரு பேராசிரியர் ‘சிரிப்பின் உளவியல்’ என்று நாற்பது பக்கக் கட்டுரை அனுப்பினார். அதில் உளவியல் அறிஞர் ஃபிராய்டு இருந்தார், சிரிப்பைப் பற்றி எழுதிய தத்துவவாதி பெர்க்சன் இருந்தார், அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு இருந்தது, ஒரு ஜோக் இல்லை. திருப்பி அனுப்பினேன். அன்றிலிருந்து நான் அறிவுக்கு எதிரி என்று போகிற கூட்டத்திலெல்லாம் பேசி வருகிறார். கென் டாட்டும் அதே ஃபிராய்டை, அதே பெர்க்சனைத் தேடித் தேடிப் படித்தவர்தான். படித்து முடித்து அவர் சொன்ன தீர்ப்பு இது: ஃபிராய்டிடம் என்ன குறையென்றால், ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் இரண்டுமே தோற்றுப்போன ஒரு சனிக்கிழமை இரவில் கிளாஸ்கோ எம்பயர் மேடையில் அவர் நின்றதில்லை. (ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தை இரண்டாகப் பிரித்துவைத்திருக்கும் கால்பந்து அணிகள் அவை. எம்பயரோ இங்கிலாந்திலிருந்து போகிற சிரிப்பு நடிகர்களின் சுடுகாடு என்று பெயரெடுத்த அரங்கம்.) நாற்பது பக்கத்தைவிட எனக்கு இது போதும். பேராசிரியரே, இதையும் கூட்டத்தில் பேசுங்கள்.

சரி, ஆள் யார் என்று கேட்கப்போகிற மற்ற வாசகர்களுக்காக: 1927 நவம்பர் 8ஆம் தேதி பிறந்தவர். அப்பா நிலக்கரி வியாபாரி. முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் அந்தப் பல் பிறவியில் வந்ததில்லை, சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு சைக்கிள் ஓட்டிக் காட்டு என்று யாரோ சவால் விட, இவரும் ஓட்டிக் காட்டினார், அதன் பலன். பொம்மையைப் பேச வைக்கும் வித்தையில் ஆரம்பித்து, வீடு வீடாகப் போய்ச் சாமான் விற்று, 1954இல் நாட்டிங்ஹாம் எம்பயர் அரங்கில் தொழில்முறையாக மேடையேறினார். பதினோரு வருடத்தில் லண்டனின் பெரிய அரங்கமான பலேடியம். அங்கே 42 வாரம் நிகழ்ச்சி நடத்தினார், கையில் அந்தக் கிச்சுகிச்சுக் குச்சியோடு. ஒட்டடை தட்டுகிற இறகுக் கட்டைதான் அது, சிவப்பு, வெள்ளை, நீலத்தில். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் அறுபது வருடம் பிழைத்தார்.

லிவர்பூல் என்றதும் எங்கள் அலுவலகத்தில் உள்ள பீட்டில்ஸ் பக்தர் எழுந்து நின்றுவிடுவார். அவரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: 1965இல் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டு பீட்டில்ஸ் பாடியது இல்லை, கென் டாட் பாடியது. ‘கண்ணீர்’ என்ற பொருள் வரும் ‘டியர்ஸ்’. துளி ஜோக் கிடையாது, உருகி உருகிப் பாடினார், ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. அறுபதுகளின் மொத்த விற்பனையில் அதற்கு மேலே இருந்தவை இரண்டே இரண்டு, இரண்டும் பீட்டில்ஸ். பக்தர் இதைக் கேட்டதும் டீ குடிக்கப் போய்விடுவார். 2003இல் லிவர்பூல் அடங்கிய மெர்சிசைடு வட்டாரத்தின் தலைசிறந்த மனிதர் யார் என்று அங்குள்ள ஜனங்களிடம் ஓட்டு கேட்டபோதும் டாட் தான் முதலில் வந்தார், பீட்டில்ஸின் லெனனும் மெக்கார்ட்னியும் பின்னால். இதை நான் இன்னும் பக்தரிடம் சொல்லவில்லை, தீபாவளி போனஸ் சமயத்துக்கு வைத்திருக்கிறேன்.

விடிய விடிய என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதில் மிகையே கிடையாது. மாலையில் தொடங்குகிற நிகழ்ச்சியில் இடைவேளை வரவே ராத்திரி பத்து ஆகிவிடும், அரங்கை விட்டு வெளியே வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும், கடைசி பஸ் போயிருக்கும், அரங்க ஊழியர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு கதவருகே நிற்பார்கள். தப்பித்துப் போகலாம் என்று பார்க்காதீர்கள், வீடு வரைக்கும் பின்னாலேயே வந்து தபால் ஓட்டை வழியாக ஜோக்கைக் கத்துவேன் என்று மிரட்டுவார். எனக்கு நீளமாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே ஆகாது, புத்தக வெளியீட்டு விழாக்களில் வாழ்த்துரை மூன்றாவதைத் தாண்டியதும் செருப்பைத் தேடுகிறவன் நான். ஆனால் அந்த விழாவில் மைக் பிடிக்கிறவர் நேரத்தைப் பார்க்காததற்குக் காரணம் எதிரே இருக்கிறவர்களைப் பார்க்காததுதான். டாட் பார்த்துக்கொண்டே இருந்தார். 90 வயதிலும். 2017 டிசம்பர் 28ஆம் தேதி லிவர்பூலில் கடைசி நிகழ்ச்சி, அந்த வருடம்தான் சர் பட்டம் வாங்கியிருந்தார்.

நாட்டி ஆஷ் என்ற ஊரே அவர் கட்டிவிட்ட கதை என்று பல பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் அவர்தான். அங்கே ஜாம் தடவிய ரொட்டியை வெட்டியெடுக்கும் சுரங்கங்கள் இருப்பதாகவும், அதில் டிடி மென் என்ற குள்ளர்கள் வேலை பார்ப்பதாகவும், உடைந்த பிஸ்கட்டுக்கென்றே ஒரு தொழிற்சாலை ஓடுவதாகவும் சொல்லி வைத்தார். நிலக்கரி வியாபாரியின் பிள்ளைக்குச் சுரங்கம் என்றால் ரொட்டிதான் ஞாபகம் வந்திருக்கிறது. பிறந்தது, வாழ்ந்தது, பணத்தைப் பரணில் வைத்தது எல்லாம் அதே வீட்டில்தான். இத்தனை காசு வைத்துக்கொண்டு வேறு வீடு பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

கலையா என்று கேட்டீர்கள் இல்லையா? ஷேக்ஸ்பியர் வந்தால்தான் ஒப்புக்கொள்வீர்கள் என்றால் அதற்கும் வழி உண்டு. 1971இல் லிவர்பூல் பிளேஹவுஸ் அரங்கில், ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில் மால்வோலியோவாக நடித்திருக்கிறார். 1996இல் கென்னத் பிரானா எடுத்த ‘ஹாம்லெட்’ படத்தில் யோரிக்காக வருகிறார், அதாவது ஹாம்லெட் கையில் எடுத்துப் பேசுகிற மண்டை ஓட்டுக்குச் சொந்தக்காரராக, செத்துப்போன அரண்மனைக் கோமாளியாக. அந்த மண்டை ஓட்டிலும் முன்பல் துருத்திக்கொண்டிருக்கும். நானூறு வருடமாக நடிகர்கள் கையில் தூக்கி வசனம் பேசிய மண்டை ஓட்டை, முகம் வருவதற்கு முன்பே யாருடையது என்று ஜனங்கள் கண்டுபிடித்தார்கள்.

மறுபடியும் வரிக்கு வருகிறேன், ஏனென்றால் வழக்கில் நீங்கள் படிக்காத கடைசி அத்தியாயம் ஒன்று இருக்கிறது. ஆன் ஜோன்ஸ் என்பவர் அவருக்குச் சுமார் நாற்பது வருடத் துணை, அவருடைய மேடைகளிலும் கூட நின்றவர். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2018 தொடக்கத்தில் டாட் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பினார். மார்ச் 9ஆம் தேதி அந்த வீட்டிலேயே கல்யாணம் நடந்தது. 11ஆம் தேதி அங்கேயே இறந்தார். விட்டுப்போன சொத்து இரண்டு கோடியே எழுபது லட்சம் பவுண்டுக்கும் மேல் என்று உயிலுக்குப் பிறகு செய்தி வந்தது. பிரிட்டனில் சட்டப்படி மணந்த துணைக்குப் போகிற சொத்துக்கு மரண வரி கிடையாது. வெறும் துணையாக இருந்திருந்தால், வரி விலக்குள்ள தொகை போக மிச்சம் வருவதில் நூற்றுக்கு நாற்பது வரித்துறைக்குப் போயிருக்கும்.

கல்யாணம் அன்புக்கா வரிக்கா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள், நாற்பது வருடம் கூட இருந்தவர்களைப் பற்றி மூன்றாம் மனிதன் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் தேதிகளை மட்டும் எங்கள் ஆடிட்டரிடம் சொன்னேன். கார்மன் சொன்னதற்குச் சிரிக்காத மனிதர், இதற்கு வாய்விட்டுச் சிரித்தார்.