அழித்த கோப்பு, திரும்பாத இடம்

கேள்வி: ஸ்டோரேஜ் சர்வரில் 2 டிபி அளவில் தின் முறையில் (எழுத எழுத மட்டும் இடம் ஒதுக்கும் முறை) ஒரு எல்யூஎன் (சர்வர் தரும் மெய்நிகர் வட்டு) உருவாக்கி, ஐஸ்கசி (நெட்வொர்க் வழி வட்டு இணைப்பு) வழியாக லினக்ஸ் மெஷினில் மவுண்ட் செய்திருக்கிறேன். பழைய பேக்கப்புகளை அழித்தபின் லினக்ஸ் பக்கம் 600 ஜிபிதான் பயன்பாட்டில் இருக்கிறது. ஸ்டோரேஜ் பக்கமோ 1.7 டிபியிலிருந்து அசையவே இல்லை. காலி இடம் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பி, அந்தக் கோப்பை அழித்தால் சரியாகும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பூஜ்யங்களை அடையாளம் கண்டு தவிர்க்கத் தெரியாத ஸ்டோரேஜாக இருந்தால், மீதி இடமும் ஒதுக்கப்பட்டு எல்யூஎன் முழு 2 டிபிக்கு ஊதிவிடும். பூல், அதாவது எல்யூஎன்கள் பகிர்ந்துகொள்ளும் மொத்த இடம், நிரம்பினால் அதே பூலில் இருக்கும் மற்ற எல்யூஎன்களும் எழுத முடியாமல் நின்றுபோகும். நண்பருக்கு நன்றி சொல்லிவிட்டு வேறு வழி பார்ப்போம்.

கோப்பை அழிக்கும்போது ஃபைல் சிஸ்டம் தன் கணக்கில் மட்டும்தான் அந்த இடத்தைக் காலி என்று குறித்துக்கொள்கிறது. ஸ்டோரேஜுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. எந்த பிளாக்கில் எழுதினீர்கள் என்பது மட்டும் தெரியும். வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாவியைக் கொடுக்காமல் போனதுபோலத்தான். சாவியைக் கொடுக்க, வட்டுகளோடு பேசும் ஸ்கசி மொழியில் 'அன்மேப்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் சொல்லும் 'டிரிம்' இதற்கு உறவுதான். உங்கள் விஷயத்தில் அது எந்த அடுக்கில் தடைபடுகிறது என்று கண்டுபிடித்தால் போதும்.

முதலில் லினக்ஸ் பக்கம், வட்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையை -D (பெரிய எழுத்து) போட்டு ஓட்டுங்கள். டிஸ்கார்ட் (இடத்தை விடுவிக்கும் கோரிக்கைக்கு லினக்ஸ் வைத்த பெயர்) அளவுகளைக் காட்டும் பத்திகளில் 0 என்றிருந்தால், அந்த வட்டு அன்மேப்பை ஏற்பதாகவே சொல்லவில்லை. ஸ்டோரேஜ் சர்வரும் லினக்ஸாக இருந்து, வட்டை வெளியே தரும் அதன் எல்ஐஓ டார்கெட்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் என் சந்தேகம் நேராக, அன்மேப்பை அனுமதிக்கும் 'எமுலேட்_டிபியு' அமைப்பின் மீதுதான். அதன் ஆரம்ப மதிப்பே 0. எல்ஐஓவை அமைக்கும் 'டார்கெட்சிஎல்ஐ' கருவியில் 1 ஆக மாற்றுங்கள். அடியில் இருக்கும் வட்டும் டிஸ்கார்டை ஏற்க வேண்டும். அப்புறம் வால்யூமை அன்மவுண்ட் செய்து, ஐஸ்கசியில் வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் எண்கள் மாறியிருக்கும்.

நடுவில் லக்ஸ் (லினக்ஸின் வட்டுக் குறியாக்கம்) இருந்தால் அதுவும் இயல்பாக டிஸ்கார்டைத் தடுத்துவிடும். அதன் அமைப்புகள் இருக்கும் 'கிரிப்ட்டேப்' கோப்பில் அனுமதி கொடுக்கலாம். ஆனால் எந்த பிளாக்குகள் காலி என்பது வெளியே தெரியும், அதற்குச் சம்மதமானால் மட்டும். எல்விஎம் (வட்டை லாஜிக்கல் வால்யூம்களாகப் பிரிக்கும் அடுக்கு) இருந்தால் 'இஷ்யூ_டிஸ்கார்ட்ஸ்' அமைப்பை மாற்றச் சொல்வார்கள். அது லாஜிக்கல் வால்யூமை நீக்கும்போதோ சுருக்கும்போதோதான் வேலை செய்யும். உங்கள் சிக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வழி திறந்ததும், காலி இடங்களை விடுவிக்கச் சொல்லும் 'எஃப்எஸ்டிரிம் -வி' கட்டளையை ஓட்டுங்கள். அது காட்டும் அளவு, விடுவிக்கச் சொல்லி அனுப்பியது. ஸ்டோரேஜ் விடுவித்தது அல்ல. இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் உடனே இரண்டாம் முறை ஓட்டினால் 0 பைட் என்று வரலாம், பயப்படாதீர்கள். ஏற்கெனவே டிரிம் செய்த பகுதிகளை அன்மவுண்ட் செய்யும்வரை அது நினைவில் வைத்திருக்கிறது.

இதற்குப் பிறகும் ஸ்டோரேஜ் எண் இறங்கவில்லையா? ஸ்டோரேஜில் ஸ்னாப்ஷாட்டுகள் (ஒரு கணத்தின் நிலையைப் பிடித்துவைக்கும் பிரதிகள்) இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஸ்னாப்ஷாட் ஒன்று அந்த பிளாக்குகளைப் பிடித்திருந்தால், அது போகும்வரை இடமும் போகாது. அதுவும் இல்லையென்றாலும், சரியாக 600-க்கு வந்து நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஸ்டோரேஜ் பெரிய துண்டுகளாகத்தான் இடம் ஒதுக்கும். உதாரணமாக செஃப் என்ற ஸ்டோரேஜின் ஆர்பிடி வட்டுகளில் வழக்கமான துண்டு 4 எம்பி. அதற்குள் ஒரு குட்டிக் கோப்பு மிச்சமிருந்தாலும் துண்டு முழுதாக விடுபடாது.

இனிமேலைக்கு 'எஃப்எஸ்டிரிம்.டைமர்' போதும், வாரம் ஒருமுறை ஓடும். மவுண்ட் செய்யும்போதே 'டிஸ்கார்ட்' போடலாம்தான். ஆனால் சின்னச் சின்னக் கோப்புகளை நிறைய அழிக்கும் மெஷினில் அது இழுக்கும், எனக்குப் பிடிக்காது. ஒன்று: மவுண்ட் பட்டியலான 'எஃப்எஸ்டேப்' கோப்பில் எழுதாமல் கையால் மவுண்ட் செய்த வால்யூமை டைமர் கண்டுகொள்ளாது. ஐஸ்கசிக்காரர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கேள்வி: விஎம்வேரில் விஎம்எஃப்எஸ்-5 (அதன் ஃபைல் சிஸ்டம்) டேட்டாஸ்டோர் வைத்திருக்கிறேன். விஎம்களை (மெய்நிகர் மெஷின்களை) அழித்தும் இடம் திரும்பவில்லையே?

பதில்: 5-இல் 'இஎஸ்எக்ஸ்சிஎல்ஐ' கட்டளை வழியாக நீங்களே அன்மேப் ஓட்ட வேண்டும். விஎம்வேரின் விஸ்ஃபியர் 6.5-இல் வந்த விஎம்எஃப்எஸ்-6 பின்னணியில் தானாகவே செய்துகொள்கிறது. ஆனால் 5-ஐ அப்படியே 6 ஆக மாற்ற முடியாது. புதிய டேட்டாஸ்டோர் உருவாக்கி விஎம்களை அங்கே நகர்த்துங்கள்.