வீட்டில் இத்தாலிய பாணி க்ரீமி தக்காளி பேசில் சூப் செய்வது எப்படி? க்ரீம் ஊற்றியதும் ஏன் திரிந்துபோகிறது?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அது புரிந்தால் செய்முறையில் எதை ஏன் செய்கிறோம் என்பது தானாக விளங்கும்.

பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம், பிஹெச் (புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6 பக்கம் வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிப்படும். தக்காளியின் பிஹெச் பெரும்பாலும் 4.2க்கும் 4.6க்கும் நடுவில். ஆகவே கொதிக்கும் தக்காளிச் சாற்றில் பால் ஊற்றுவதும், பனீருக்காகப் பாலில் எலுமிச்சை பிழிவதும் ஒரே வேலைதான். க்ரீம் தப்பிப்பதற்குக் காரணம் அதன் கொழுப்பு. 35 சதவீதக் கொழுப்புள்ள க்ரீமில் புரதம் 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும்; கட்டிப்பட நினைத்தாலும் ஆள் பலம் போதாது. நம் கடைகளில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீம் பெரும்பாலும் 25 சதவீதம். பார்த்துச் சேர்த்தால் தாங்கும், சேர்த்த பிறகு கொதிக்கவிட்டால் மணல் மணலாகத் திரியும். வெறும் பால் சேர்க்கவே வேண்டாம்.

இனி முக்கியமான செய்தி: இத்தாலிய பாணியில் இந்த சூப்பின் வழவழப்பு க்ரீமிலிருந்து வருவதில்லை. டஸ்கனி பகுதியில் 'பாப்பா அல் பொமொடோரோ' என்றொரு தக்காளிக் கூழ் உண்டு. (இத்தாலியத்தில் பாப்பா என்றால் குழந்தைக்கு ஊட்டும் கூழ். நம் காதுக்குப் பொருத்தமான பெயர்தான்.) அதில் க்ரீம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. பழைய ரொட்டி, தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், பேசில், அவ்வளவுதான். அரைத்து வடிகட்டி மென்மையாக்கும் சூப்புக்கு 'வெல்லுடாட்டா' என்று பெயர். வெல்வெட் என்ற பொருளில் வந்த சொல். கீழே சொல்லும் முறை இந்த இரண்டையும் சேர்த்தது. ரொட்டியும் எண்ணெயும் கெட்டியைக் கொடுக்கும், க்ரீம் கடைசியில் புளிப்பை மட்டும் தணிக்கும். க்ரீமை கால் லிட்டர் ஊற்றிச் செய்வது டின் சூப் பழக்கம், தக்காளி வாசனையே அதில் அமுங்கிவிடும்.

நான்கு பேருக்கு வேண்டியவை: தக்காளி 1 கிலோ, பெரிய வெங்காயம் ஒன்று (120 கிராம்), சிறிய கேரட் ஒன்று, செலரி தண்டு ஒன்று (கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம், வேறெதுவும் அதற்கு ஈடாகப் போட வேண்டாம்), பூண்டு 6 பல், ஆலிவ் எண்ணெய் மொத்தம் 6 டேபிள்ஸ்பூன், தக்காளி பேஸ்ட் 1 டேபிள்ஸ்பூன், ஓரம் நீக்கிய பழைய ரொட்டி 40 கிராம், தண்ணீர் 300 மில்லி, பேசில் தண்டோடு ஒரு கைப்பிடி, க்ரீம் 60 மில்லி, தூள் உப்பு ஒன்றரை டீஸ்பூன், மிளகு.

தக்காளி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தாலியில் இதற்குப் பேர்போனது சான் மார்சானோ. வெசுவியஸ் எரிமலைக்குத் தெற்கே சார்னோ ஆற்றுச் சமவெளியில் விளைவது, 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் இடப்பெயர்ப் பாதுகாப்பு உள்ளது. நீளமானது, சதை அதிகம், விதை குறைவு. நம்மூரில் அந்த உடல்வாகுக்கு நெருக்கம் 'பெங்களூர் தக்காளி' என்று விற்கும் நீள்வட்டத் தக்காளி. ரசத்துக்கு அருமையான நாட்டுத் தக்காளி இங்கே சரிப்படாது. நீரும் புளிப்பும் அதிகம். ஆனால் பெங்களூர் தக்காளியைக் காயாகப் பறித்து அனுப்புவதால் வாங்கிய அன்றே போட்டால் சப்பென்றிருக்கும். இரண்டு மூன்று நாள் வெளியே வைத்து, அழுத்தினால் லேசாக அமுங்கும்வரை பழுக்கவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் வாசனை போய்விடும்.

டின் தக்காளி வாங்குவதாக இருந்தால் தோல் உரித்த முழுத் தக்காளி டின்னாக வாங்குங்கள், 400 கிராம் டின் இரண்டு போதும். துண்டு போட்டதை வாங்க வேண்டாம். துண்டுகள் உருக்குலையாமல் இருக்கப் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். எவ்வளவு வேகவைத்தாலும் அந்தத் துண்டுகள் முழுதாகக் கரையா. இன்னொன்று, பாக்கெட்டில் வரும் தக்காளிப் ப்யூரியும் பேஸ்ட்டும் ஒன்றல்ல. பேஸ்ட் என்பது பல மடங்கு சுண்டக் காய்ச்சியது, ஸ்பூனைக் கவிழ்த்தாலும் விழாது.

பலர் விதையையும் அதைச் சுற்றியுள்ள கூழையும் வழித்துக் கொட்டிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். தக்காளியின் ருசிக்குக் காரணமான குளூட்டமேட் சதையைவிட அந்தக் கூழில்தான் அதிகம். விதை வேண்டாமென்றால் கடைசியில் வடிகட்டினால் போயிற்று.

இப்போது அடுப்பு வேலை. ஓடிஜி (சின்ன மின் அவன்) இருந்தால் தக்காளியை இரண்டாக நறுக்கி, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி தட்டில் அடுக்கி, 1 டேபிள்ஸ்பூன் எண்ணெயும் பாதி உப்பும் தூவி, தோலோடு பூண்டையும் வைத்து 200 டிகிரி செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம் சுடுங்கள். ஓரங்கள் லேசாகக் கருகி, சாறு தட்டில் கெட்டியாக நிற்கும். ஒன்றையொன்று மூடும்படி நெருக்கி அடுக்கினால் சுடாது, ஆவியில் வேகத்தான் செய்யும். ஓடிஜி இல்லையென்றால் தக்காளியின் அடியில் குறுக்காகக் கீறி, கொதிநீரில் 30 விநாடி போட்டு, குளிர்ந்த நீருக்கு மாற்றித் தோலை உரித்து நறுக்கிக்கொள்ளுங்கள். பூண்டைத் தட்டி வெங்காயத்தோடு சேர்க்கலாம். சுட்டதில் இனிப்பு தூக்கலாக இருக்கும், உரித்ததில் தக்காளியின் பச்சை வாசம் தெளிவாக இருக்கும். இரண்டும் நல்லதுதான்.

அடிகனமான எவர்சில்வர் பாத்திரமோ எனாமல் பாத்திரமோ எடுங்கள். இரும்புச் சட்டியும் வெறும் அலுமினியமும் தக்காளி அமிலத்தோடு சேர்ந்து நாக்கில் உலோக ருசியைக் கொடுக்கும். 3 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரி, ஒரு சிட்டிகை உப்பு. சின்னத் தீயில் 12 முதல் 15 நிமிடம். இத்தாலியர்கள் இதை 'சொஃப்ரிட்டோ' என்பார்கள். குருமாவுக்கு வதக்குவதுபோல் பொன்னிறம் வரக் கூடாது. கண்ணாடிபோல் ஆகி, கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு சரிசெய்ய வழியில்லை. காய்களின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின், அமிலத்தில் கரைய மறுக்கும். அரைவேக்காட்டு வெங்காயத்தின் மேல் தக்காளியைக் கொட்டிவிட்டால் ஒரு மணி நேரம் கொதித்தாலும் நறுக்கென்றே இருக்கும். அரைத்த சூப்பில் கடைசிவரை தட்டுப்படும் நறநறப்பு பெரும்பாலும் இதனால்தான்.

வதங்கியதும் ஓரமாக ஒதுக்கிவிட்டு நடுவில் பேஸ்ட்டைப் போட்டு 2 நிமிடம் பிரட்டுங்கள். சிவப்பு செங்கல் நிறத்துக்கு மாறி எண்ணெய் பிரியும்போது தக்காளி, சுட்ட பூண்டின் உள்சதை, தட்டில் ஒட்டிய சாறு, தண்ணீர், மீதி உப்பு, நூலால் கட்டிய பேசில் தண்டுகள் எல்லாம் சேர்த்து 15 நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். சுடாமல் தோலுரித்த தக்காளி என்றால் 25 நிமிடம். பார்மிஜானோ சீஸின் காய்ந்த விளிம்புத் துண்டு கைவசம் இருந்தால் இப்போது போட்டு, அரைக்குமுன் எடுத்துவிடலாம்; போட்டால் உப்பை அரை டீஸ்பூன் குறையுங்கள். அந்தச் சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலை உறையவைக்கும் ரென்னட் சேர்த்துச் செய்யப்படுவது. சைவர்கள் வீட்டில் தவிர்த்துவிடலாம், சூப்புக்கு அது கட்டாயம் இல்லை.

தீயை அணைப்பதற்கு 5 நிமிடம் முன் ரொட்டியைப் பிய்த்துப் போடுங்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பு கிடையாது, இனிப்பும் கிடையாது. நம் பேக்கரி பால் ரொட்டியில் இனிப்பு உண்டு என்பதால் சாதா உப்பு ரொட்டியோ பகெட்டோ நல்லது. கார்ன்ஃப்ளார் வேண்டாம் என்பதே என் கட்சி. பளபளவென்று கொழகொழப்பாகி, கல்யாண வீட்டு சூப் போலாகிவிடும். முந்திரி அரைத்து ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 20 கிராமுக்கு மேல் போனால் அது சூப்பல்ல, வடிகட்டிய குருமா.

தண்டுகளை எடுத்துவிட்டு, 15 நிமிடம் ஆறவிட்டு அரையுங்கள். கொதிக்கக் கொதிக்க மிக்சியில் ஊற்றி மூடினால் உள்ளே ஆவி அழுத்தம் ஏறி மூடி பறக்கும், கையும் முகமும் வெந்துபோகும். ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், மூடியின் நடுவிலுள்ள சின்ன மூடியைக் கழற்றி, மடித்த துணியால் பொத்திக்கொண்டு ஓட்டுங்கள். கடைசிச் சுற்றில் மிக்சி ஓடும்போதே மீதி 2 டேபிள்ஸ்பூன் எண்ணெயை அந்தத் துளை வழியாக நூல்போல் விடுங்கள். எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறி சூப்போடு கலந்து நிற்கும். ரத்தச் சிவப்பு மங்கி ஆரஞ்சு நிறம் வந்தால் பயப்படாதீர்கள், அதுதான் கலந்ததற்கு அடையாளம். க்ரீம் இன்னும் திறக்கவே இல்லை, ஆனால் இப்போதே சூப் வழவழப்பாக இருப்பதைப் பார்க்கலாம். தோலோடு அரைத்திருந்தால் கண்ணிச் சல்லடையில் கரண்டியின் அடிப்பக்கத்தால் அழுத்தித் தேய்த்து வடிகட்டுங்கள். டீ வடிகட்டி மிக நுணுக்கம், கெட்டிக் கூழ் அதில் இறங்காமல் பொறுமைதான் தீரும்.

புளிப்பைச் சரிபார்க்கும் கட்டம் இது. சர்க்கரை புளிப்பை மறைக்கும், குறைக்காது; அரை டீஸ்பூனோடு நிறுத்துங்கள். உண்மையில் புளிப்பு அதிகமென்றால் இரண்டு சிட்டிகை சமையல் சோடா போட்டுக் கிளறுங்கள். நுரைத்து அடங்கியதும் ருசி பாருங்கள். ஒரு கிலோவுக்குக் கால் டீஸ்பூன்தான் எல்லை. தாண்டினால் சோப்பு வாடை வரும், அதற்குப் பரிகாரம் கிடையாது. சோடா பிஹெச்சை ஏற்றிவிடுவதால் க்ரீம் திரியும் ஆபத்தும் கொஞ்சம் குறைகிறது. சோடா எப்போதும் க்ரீமுக்கு முன்னால்தான்.

க்ரீமை அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். அரைத்த சூப்பை மறுபடி சூடாக்கி, அடுப்பை அணைத்து, கொதி அடங்கி ஐந்து நிமிடம் ஆன பிறகு, ஒரு கிண்ணத்தில் க்ரீமை எடுத்து அதில் ஒரு கரண்டி சூப்பை ஊற்றிக் கலக்குங்கள். இன்னொரு கரண்டி. பிறகு கிண்ணத்தைப் பாத்திரத்தில் கவிழ்த்துக் கிளறுங்கள். இதற்குப் பிறகு கொதிக்கவிடக் கூடாது. திரிந்துவிட்டால் குப்பையில் கொட்ட வேண்டாம். ஒரு துண்டு ரொட்டி சேர்த்து மறுபடி அரைத்தால் மணல் பெருமளவு மறையும், முழு மென்மை திரும்பாது.

திரிவதைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்பவர்களுக்கு மஸ்கார்போனே இருக்கிறது. லோம்பார்டியில் பிறந்த இந்தச் சீஸ், க்ரீமைச் சூடாக்கி அமிலம் சேர்த்துத்தான் உருவாகிறது. ஏற்கெனவே திரிந்ததை இன்னொரு முறை எப்படித் திரிக்க முடியும்? 250 மில்லி விப்பிங் க்ரீமை (இனிப்பில்லாத பால் க்ரீம், வெஜிடபிள் கொழுப்பில் செய்ததல்ல) 85 டிகிரிவரை சூடாக்கி, 1 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்து, ஐந்து நிமிடம் கிளறி, ஆறியதும் துணியில் கட்டி ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வடியவிட்டால் வீட்டிலேயே கிடைக்கும். சூப்புக்கு 2 டேபிள்ஸ்பூன் போதும்.

பேசிலைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அதன் வாசனை எளிதில் ஆவியாகும், 15 நிமிடக் கொதியில் பாதிக்கு மேல் சமையலறைக்குப் போய்விடும். தண்டு தாங்கும், இலை தாங்காது. அரைக்கும்போது இலைகளையும் சேர்த்தால் சிவப்பும் பச்சையும் கலந்து சேற்று நிறம் வரும். பரிமாறும் நேரத்தில் கையால் கிழித்துப் போடுங்கள். அழகாக வேண்டுமென்றால் 15 இலைகளைக் கொதிநீரில் 10 விநாடி முக்கி, ஐஸ் நீரில் போட்டு, ஒட்டப் பிழிந்து 4 டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெயோடு அரைத்து மேலே சொட்டுச் சொட்டாக விடலாம். முக்காமல் அரைத்தால் சற்று நேரத்தில் கறுக்கத் தொடங்கும்.

பேசிலுக்குப் பதில் துளசி போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். துளசியில் கிராம்பு வாசனை தரும் யூஜெனால் தூக்கலாக இருக்கும், சூப் கஷாயமாகிவிடும். சப்ஜா விதை கொடுக்கும் திருநீற்றுப் பச்சிலை தாவரவியல்படி இத்தாலிய பேசிலின் அதே இனம். சோம்பு சாயலில் வாசனை கொஞ்சம் வேறாக இருந்தாலும் பொருந்தும். பாதி அளவு போடுங்கள். காய்ந்த பேசில் என்றால் அரை டீஸ்பூன், அதை மட்டும் கடைசியில் அல்ல, வெங்காயத்தோடேயே சேர்க்க வேண்டும். வாங்கிய பேசிலை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் இலை கறுக்கும். தண்டை நீரில் நிற்கவைத்து வெளியே வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும்.

மீதம் வைக்க நினைத்தால் க்ரீம் சேர்க்குமுன் தேவையான அளவைத் தனியாக எடுத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் மூன்று நாள், ஃப்ரீசரில் இரண்டு மாதம் இருக்கும். ரொட்டி நீரை இழுத்துக்கொள்வதால் மறுநாள் கூழாகத் தெரியும். 50 மில்லி வெந்நீர் விட்டுச் சூடாக்கி, அணைத்த பிறகு க்ரீமும் புதிய பேசிலும் சேர்த்துக்கொள்ளலாம். உப்பை அப்போது மறுபடி பாருங்கள், நீர் விட்டதால் குறைந்திருக்கும்.