ரவுண்டானாவில் உரசல்: உள்ளே இருந்தவருக்குப் பொறுப்பே இல்லையா?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் வசிக்கிறேன். சென்ற மாதம் இரவு ஒன்பது மணியளவில் அலுவலகத்திலிருந்து காரில் திரும்பும்போது, புது டெல்லியில் சிக்னல் இல்லாத ஒரு ரவுண்டானாவில் நடுத்திட்டை ஒட்டிய உள்பாதையில் சென்றேன். நான் போகவேண்டிய சாலை வந்ததும் இடது இண்டிகேட்டரைப் போட்டுத் திரும்பினேன். அதற்கு முந்தைய சாலையிலிருந்து நுழைந்த மோட்டார் சைக்கிள் ஒன்று, நுழைந்த இடத்திலிருந்து இரண்டு கார் நீளத் தொலைவில், காரின் இடப்பக்கத்தில் உரசிச் சாய்ந்தது. ஓட்டியவருக்குச் சிராய்ப்பு, பின்னால் அமர்ந்திருந்த அவருடைய மனைவிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மனைவி ஹெல்மெட் அணியவில்லை. ரவுண்டானாவுக்குள் இருப்பவருக்கே முன்னுரிமை என்று நான் சொன்னதைக் கேட்காமல், "படா காடிதான் (பெரிய வண்டிதான்) பொறுப்பு" என்று கூறி விசாரணை அதிகாரி என் மீது எஃப்.ஐ.ஆர். பதிந்துவிட்டார். அறுபதாயிரம் ரூபாய் கொடுத்தால் சமாதானமாக எழுதித் தருவதாக மோட்டார் சைக்கிள்காரர் சொல்கிறார். கொடுத்துவிடலாமா? தவறு யாருடையது? (காரின் படங்கள் மூன்றை இணைத்துள்ளேன்.)

பதில்: பெரிய வண்டி என்பதாலேயே அதை ஓட்டியவர் குற்றவாளி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருந்தவருக்கே முன்னுரிமை என்ற உங்கள் வாதமும், நீங்கள் நம்பும் அளவுக்கு உங்களைக் காப்பாற்றாது. ஓரளவு கசப்பாக இருந்தாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 118-ஆம் பிரிவின் கீழ் 2017-இல் வெளியான வாகனம் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வாகனத்துக்கு, புதிதாக நுழையும் வாகனம் வழிவிட வேண்டும் என்கின்றன. நம் நாட்டில் இடப்பக்கமாக ஓட்டி, கடிகார முள் செல்லும் திசையில் சுற்றுவதால், நுழைபவருக்குச் சுற்றில் வரும் வண்டி எப்போதும் வலக்கைப் பக்கமே தென்படும். ஆகவே வலப்பக்கம் வருபவருக்கு வழிவிடு என்ற 1989-ஆம் ஆண்டின் பழைய விதியும் இங்கே இதே முடிவைத்தான் தந்தது. இதுவரை நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதே ஒழுங்குமுறைகளில் பாதை மாறுவது பற்றியும் விதி உண்டு. பாதை மாறுபவர், தாம் செல்லவிருக்கும் பாதையில் வரும் வண்டிக்கு இடையூறு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே சைகை காட்டி மாற வேண்டும். உள்பாதையிலிருந்து வெளியேறும் சாலைக்குத் திரும்புவதென்றால், நடுவில் உள்ள வெளிப்பாதையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அந்தக் கணத்தில் நீங்கள் "உள்ளே இருப்பவர்" மட்டுமல்ல, "பாதை மாறுபவர்" என்ற பொறுப்பும் உங்களைச் சேர்கிறது. இண்டிகேட்டர் என்பது எண்ணத்தை அறிவிக்கும் சைகையே ஒழிய, வழியைப் பெற்றுத்தரும் சீட்டு அல்ல. வெளியேற வேண்டிய சாலைக்கு முந்தைய வாயைத் தாண்டும்போதே இடப்பக்கம் ஒதுங்கியிருப்பதும், ஒதுங்க இடம் கிடைக்காவிட்டால் இன்னொரு சுற்றுச் சுற்றி வருவதுமே முறை. கோல் சக்கரில் (ரவுண்டானாவை டெல்லியில் இப்படித்தான் சொல்வார்கள்) இன்னொரு சுற்றுக்கு அரை நிமிடம்கூட ஆகாது என்பது டெல்லியில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் சுற்றுவதில்லை.

ஆக, எந்த விதி முதலில் மீறப்பட்டது என்பதுதான் உங்கள் வழக்கின் மையம். இதற்குச் சாட்சிகளைவிட உங்கள் காரே தெளிவாகப் பதில் சொல்லும். மோட்டார் சைக்கிள் வழிவிடாமல் நேராகப் பாய்ந்து நுழைந்திருந்தால், அதன் முன்சக்கரம் காரின் பின்கதவிலோ பின்சக்கரத்துக்கு மேலேயோ குத்தி, உட்புறமாகக் குழி விழுந்திருக்கும். நீங்கள் அனுப்பிய படங்களில் அப்படிக் குழி இல்லை. முன்பம்பரின் இடது முனையில் தொடங்கி முன்கதவின் கைப்பிடிக்குக் கீழ்வரை, தரைக்கு இணையாக ஒரே உயரத்தில் இரண்டு நீண்ட கோடுகள் ஓடுகின்றன. அந்த உயரம் மோட்டார் சைக்கிளின் கால்மிதி, சைலன்ஸர் காப்பு ஆகியவற்றின் உயரம். இரண்டு வண்டிகளும் ஒரே திசையில், பக்கத்துப் பக்கத்தில் ஓடியபோது ஒன்று மற்றொன்றின் மேல் சாய்ந்தால்தான் இப்படிப்பட்ட கோடு விழும். அதாவது, உரசிய வேளையில் அவரும் சுற்றுக்குள் வந்துவிட்டிருந்தார். இந்தப் படங்களை மட்டும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் முன் வைத்தால், பொறுப்பின் பெரும்பங்கு உங்கள் பக்கமே சாயும் என்பது என் மதிப்பீடு.

அவர் பங்கு இல்லவே இல்லை என்றும் ஆகிவிடாது. நுழையும் வாயிலிருந்து உரசிய இடம் இரண்டு கார் நீளத் தொலைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு குறுகிய தூரத்தில் ஒரு வண்டி பக்கவாட்டில் வந்து சேர்ந்திருக்கிறதென்றால், வேகத்தைக் குறைக்காமலும், வலப்பக்கம் வந்த உங்களுக்கு வழிவிடாமலும் நுழைந்திருக்க வாய்ப்பு அதிகம். இதை நிறுவ வேண்டியது நீங்கள்தான். நிறுவக்கூடியது கேமராப் பதிவுதான். நிறுவிவிட்டால், மோட்டார் சைக்கிள் ஓட்டியவரின் சொந்த இழப்பீட்டுக் கோரிக்கையில் அவருடைய கவனக்குறைவுக்கு உரிய விகிதம் கழிக்கப்படும்.

பின்னால் அமர்ந்திருந்த அவர் மனைவியின் நிலை வேறு. வண்டியை ஓட்டாத அவர்மீது கவனக்குறைவின் பங்கு எதுவும் சேராது. இருவருடைய தவறால் மூன்றாமவர் காயமுற்றால், அவர் அந்த இருவரில் யாரிடமிருந்தும் முழு இழப்பீட்டையும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவாக்கியிருக்கிறது. கொடுத்தவர் மற்றவரின் பங்கைப் பிறகு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான். மேலும், மோட்டார் சைக்கிளுக்கு வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால், அது பொதுவாகப் பின்னிருக்கையில் அமர்ந்தவரை உள்ளடக்காது. ஆகவே அவருடைய கோரிக்கை உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் மீதே வரும் என்று எதிர்பார்க்கலாம். ஹெல்மெட் அணியாதது அபராதத்துக்குரிய குற்றம்தான்; ஆனால் விதி மீறலுக்கும் காயத்துக்கும் தொடர்பு இருந்தால்தான் இழப்பீடு குறையும். தலையில் ஹெல்மெட் இருந்திருந்தாலும் மணிக்கட்டு முறிந்தேயிருக்கும் என்பதால், அந்த வாதத்தைக் கையில் எடுக்க வேண்டாம்.

இப்போது அறுபதாயிரம் ரூபாய்க்கு வருகிறேன். தயவுசெய்து கொடுக்காதீர்கள். கணவர் எழுதிக் கொடுக்கும் தாள் மனைவியின் உரிமையைக் கட்டுப்படுத்தாது. நாளையே அவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனை பாலிசியிலேயே இருக்கும். பணம் கொடுத்தால் அதை மீறியதாக நிறுவனம் வாதிடும். எலும்பு முறிவு சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம். ஆகவே உங்கள் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 281-ஆம் பிரிவோடு (பொறுப்பின்றி வண்டி ஓட்டுதல்) 125(ஆ) பிரிவும் (கவனக்குறைவால் கொடுங்காயம் விளைவித்தல்) சேர்ந்திருக்கும். பின்னதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். இரண்டும் ஜாமீனில் விடத்தக்கவை என்பதால் அச்சம் வேண்டாம். 125-ஆம் பிரிவை நீதிமன்ற அனுமதியோடு சமாதானமாக முடித்துக்கொள்ளலாம். 281-ஆம் பிரிவு அப்படிச் சமாதானமாக முடிக்கத்தக்க குற்றங்களின் பட்டியலில் இல்லை. எனவே இரு தரப்பும் உண்மையிலேயே இணங்கினாலும் வழக்கை முழுமையாக முடிக்க டெல்லி உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டியிருக்கும். நூறு ரூபாய் முத்திரைத்தாளில் முடிந்துபோகும் விஷயமல்ல இது. சமாதானம் பேசுவதானால், காயமுற்றவரின் இழப்பீடு தீர்ப்பாயத்தில் முடிவான பிறகு, வழக்கறிஞர் மூலம் பேசுங்கள்.

உங்கள் சொந்தக் காரின் பழுதுக்கு இந்தத் தவறு விகிதம் தடையல்ல. முழு பாலிசி இருந்தால் யார் தவறென்று பாராமலே பழுதுச் செலவு கிடைக்கும். நோ கிளெய்ம் போனஸ் மட்டும் போய்விடும்.

விபத்து இழப்பீட்டுக்கு 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மத்திய விதிகளின்படி, காவல்துறை முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், இடைக்கால அறிக்கையை 50 நாட்களுக்குள்ளும், டி.ஏ.ஆர். எனப்படும் விரிவான அறிக்கையை 90 நாட்களுக்குள்ளும் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இந்த முறை டெல்லியில்தான் உருவாகி, பிறகு நாடு முழுவதற்கும் விரிந்தது. விபத்து நடந்தது புது டெல்லி மாவட்டம் என்றால் அறிக்கை பட்டியாலா ஹவுஸ் நீதிமன்ற வளாகத்திலுள்ள தீர்ப்பாயத்துக்குப் போகும். அறிக்கையோடு இட வரைபடமும், வாகன இயந்திர ஆய்வு அறிக்கையும், ஓட்டுநர் நிரப்பித் தரும் படிவமும் சேர்ந்திருக்கும். பலர் அந்தப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். வெறும் தகவல்தான், ஆனால் அதைத் தொடர்ந்து வரும் குற்றப்பத்திரிகையைத் தீர்ப்பாயங்கள் கவனக்குறைவுக்கு முதல்நோக்குச் சான்றாகப் பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே அந்த இரண்டு கார் நீளத் தொலைவு, சாலையில் வழிவிடும் கோடு வரையப்பட்டிருந்த இடம், உங்கள் வேகம் ஆகிய மூன்றும் உங்கள் படிவத்திலும், முடிந்தால் இட வரைபடத்திலும் ஏறியாக வேண்டும். வரைபடத்தில் உங்கள் காரை வெளிப்பாதையில் வரைந்திருக்கிறார்களா, உள்பாதையிலா என்பதையும் பாருங்கள். கையெழுத்துப் போடுமுன் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம்விட அவசரமானது கேமராப் பதிவு. பெரும்பாலான பதிவுகள் சில வாரங்களிலேயே மேலெழுதப்பட்டு அழிந்துவிடும். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மாதம் போய்விட்டது. விபத்து நடந்த நாளையும், நேரத்துக்கு முன்னும் பின்னும் பதினைந்து நிமிடங்களையும் குறிப்பிட்டு, அந்தச் சந்திப்பின் பதிவை கையகப்படுத்தும்படி விசாரணை அதிகாரிக்கு எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். காரில் டேஷ்கேம் இருந்தால், அதன் அட்டையைக் கழற்றி அப்படியே பத்திரப்படுத்துங்கள். எடுத்த நகலை நீதிமன்றம் ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படியான சான்றிதழ் வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு விபத்தைப் பற்றி இன்னும் எழுத்தில் தெரிவிக்காவிட்டால், அந்தக் கடிதத்தையும் நாளைக்கே அனுப்பிவிடுங்கள்.