பழைய வாட்ச் பத்தி நீங்க கேட்டதுக்கு என் பதில்கள்

கேள்வி: அண்ணா, முதல் வாட்ச் செஞ்சது ஜெர்மனிக்காரர் பீட்டர் ஹென்லைன்னு படிச்சேன், உண்மையா?

பதில்: பாதி உண்மை தம்பி. ஹென்லைன் நியூரம்பெர்க்ல பூட்டு செய்றவர். 1500கள் ஆரம்பத்துல இரும்புலயே குட்டிக் கடிகாரம் செஞ்சார், பைக்குள்ள வச்சுக்கிட்டாலும் 40 மணி நேரம் ஓடும்னு அதே காலத்து கோக்ளேயஸ் எழுதி வச்சிருக்கார். ஆனா அதுக்கு முன்னாடியே, 1400கள்லயே, தொங்குற எடைக்கு பதிலா சுருள் ஸ்பிரிங் போட்ட கடிகாரம் ஐரோப்பால வந்தாச்சு. எடை தொங்குறத தூக்கிட்டு நடக்க முடியாதுல்ல, அந்த ஸ்பிரிங்தான் எல்லாத்துக்கும் அஸ்திவாரம். அத முதல்ல செஞ்சவர் பேர் யாருக்கும் தெரியாது, எல்லா மாலையும் ஹென்லைன் கழுத்துக்கே போகுது, எனக்கு அது வருத்தம்தான்.

கேள்வி: அந்தக் கால வாட்ச் படத்துல ஒரே ஒரு முள்ளுதான் இருக்கு, இன்னொண்ணு உடைஞ்சிடுச்சா?

பதில்: இல்லீங்க, மணி முள் மட்டும்தான் வச்சாங்க. ஒரு நாளைக்கு அரை மணி, ஒரு மணின்னு சர்வ சாதாரணமா தப்பும், அதுல நிமிஷ முள் எதுக்கு? கண்ணாடி கூட கிடையாது, ஓட்டை போட்ட உலோக மூடி வழியா பாக்கணும். வெயில் வந்தா சூரியக் கடிகாரம் பாத்து சரி பண்ணிப்பாங்க.

கேள்வி: சார், ஏன் அவ்ளோ தப்புச்சு?

பதில்: இதத்தான் யாராவது கேக்கணும்னு இருந்தேன். சாவி கொடுத்த புதுசுல ஸ்பிரிங் பலமா இழுக்கும், தளரத் தளர இழுப்பு குறையும், அதனால முதல்ல வேகமா ஓடி அப்புறம் சோம்பிடும். இதுக்குப் போட்டதுதான் ஃபியூசி, ஒரு கூம்பு, சுத்தி ஸ்க்ரூ மாதிரி பள்ளம், அதுல குடல்ல திரிச்ச கயிறு. ஸ்பிரிங் ஃபுல்லா இருக்கறப்ப கயிறு குறுகலான பக்கத்த இழுக்கும், தளர்ந்தப்புறம் அகலமான பக்கத்துக்கு வந்துடும், சைக்கிள்ல கியர் மாத்தற மாதிரி, ஆக மொத்தம் சக்கரத்துக்குப் போற பலம் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருக்கும். பின்னாடி கயிறு போய் செயின் வந்துச்சு. லென்ஸ் வச்சு அந்த செயின ஒரு தடவை பாருங்க, சைக்கிள் செயின் அப்படியே நூல் கனத்துக்கு, ஒவ்வொரு கண்ணியும் ரிவெட் அடிச்சது. இங்கிலாந்துல கிறைஸ்ட்சர்ச்ல பெண்களும் சின்னப் பசங்களும் கண்ணு போக உக்காந்து செஞ்சது.

அப்பவும் தப்பு முழுசா போகல. ஏன்னா முன்னும் பின்னும் ஆடுற பேலன்ஸ் வீலுக்கு சொந்தமா ஒரு தாளம் இல்ல, தள்ளுற பலத்துக்கு ஏத்த மாதிரி ஆடும். 1675ல ஹாலந்துக்காரர் ஹைகன்ஸ் அதுல ஹேர் ஸ்பிரிங், அதாவது முடி மாதிரி மெல்லிய சுருள், வச்சார், பாரிஸ்ல துரேன்ற கைவினைஞர் செஞ்சு கொடுத்தார். இங்கிலாந்துல ராபர்ட் ஹூக், நான்தான் முன்னாடியே யோசிச்சேன்னு சண்டைக்கு வந்தார், அது தனிக்கதை. அந்தச் சுருளால பேலன்ஸ் வீலுக்கு சொந்தத் தாளம் வந்துச்சு, ஒரு நாளைக்கு சில நிமிஷம்தான் தப்பும்னு ஆச்சு, நிமிஷ முள்ளும் சகஜமாச்சு.

கேள்வி: எங்க தாத்தாவோட எச்எம்டி ஜனதால 17 ஜுவல்ஸ்னு போட்டிருக்கு. உள்ள கல்லு இருக்கா, வித்தா காசு தேறுமா?

பதில்: கல்லு இருக்கும்மா, ஆனா செயற்கை ரூபி, கல்லுக்காக விக்க முடியாது. சக்கரத்தோட அச்சு முனை உலோகத் தகட்டுல உரசித் தேயாம இருக்க கல்லுல ஓட்டை போட்டு உக்கார வைப்பாங்க, 1704லயே லண்டன்ல ஃபாத்தியோன்றவரும் கூட்டாளிகளும் இதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டாங்க. விக்காதீங்க. நல்ல ரிப்பேர்காரர்கிட்ட சர்வீஸ் கொடுத்து ஆயில் மாத்துங்க. அதுல ஃபியூசி கிடையாது, அதனால தினமும் காலைல ஒரே நேரத்துக்கு சாவி கொடுங்க, ஸ்பிரிங் ரொம்பத் தளர விடாம இருந்தா டைம் நல்லா நிக்கும்.