மகன் சொன்னது சரி, எஸ்.எம்.பி.எஸ். சரியில்லை

கம்ப்யூட்டர் கேள்வி – பதில்

கேள்வி: கருங்கல் பக்கம் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம்தான் முக்கிய வேலை. இப்போது வீடியோவும் எடிட் செய்து தரச் சொல்கிறார்கள். ஐ5-3470 பிராசசர், எச்61 மதர்போர்டு, 8 ஜிபி ராம். அதில் இருந்த ஜிடி 610 கிராபிக்ஸ் கார்டு போன வாரம் போய்விட்டது, திரை முழுக்கக் கோடு கோடாக வருகிறது. கடையில், “இந்தப் பழைய போர்டுக்கெல்லாம் இப்ப கார்டு வராது, மொத்தமா மாத்துங்க” என்கிறார்கள். காலேஜ் படிக்கும் மகன், “ஜிடிஎக்ஸ் 1650 போடலாம்ப்பா” என்கிறான். மானிட்டர் பழைய விஜிஏ. எஸ்.எம்.பி.எஸ். (மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். யார் பேச்சைக் கேட்பது சார்?
– ஸ்டூடியோக்காரர், கருங்கல்

பதில்: மகன் பேச்சை. ஆனால் நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்த பிறகு அவன் கணக்கில் இல்லாத ஒரு செலவு கூடுகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இன்றைக்கே வேலை நடக்க வழி பாருங்கள். தவக்காலம் தொடங்குமுன் கல்யாணங்கள் வரிசை கட்டி நிற்கும், ஆல்பம் கேட்டு ஆள் வாசலுக்கே வந்துவிடும். கரண்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அந்த ஜிடி 610-ஐக் கழற்றி வைத்துவிடுங்கள். மானிட்டர் கேபிளைப் போர்டின் பின்னால் உள்ள நீல விஜிஏ துளையில் செருகுங்கள். உங்கள் 3470-க்குள்ளேயே எச்டி 2500 கிராபிக்ஸ் இருக்கிறது. அதில் கோடு வராமல் தெளிவாகத் தெரிந்தால் மானிட்டரும் போர்டும் தப்பித்தன, கார்டுதான் போயிருக்கிறது. ஆல்பம் டிசைன் வேலையைக் கொஞ்சம் மெதுவாகவாவது இதிலேயே ஓட்டிவிடலாம்.

கழற்றிய கார்டின் தங்க நிறப் பற்களை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குளச்சல், முட்டம், மண்டைக்காடு பக்கம் இருந்து என் மேசைக்கு வரும் மெஷின்களில் அந்தப் பற்களில் பச்சையும் கறுப்புமாகப் படிந்திருக்கும். உப்புக் காற்றும் ஈரமும் செய்கிற வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டால் சில கார்டு உயிர் பிழைக்கும். பிழைத்தாலும் ஜிடி 610-க்கு நான் பெரிதாகச் சந்தோஷப்பட மாட்டேன். 2012-இல் வந்தது. அந்தக் குடும்பக் கார்டுகளுக்கு என்விடியா வழக்கமான டிரைவர் கொடுப்பதை 2018-இலேயே நிறுத்திவிட்டது.

இனி, “கார்டு வராது” என்ற பேச்சு. அது சரியில்லை. எச்61 போர்டில் இருக்கும் அந்த நீளமான ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ். புதுத் தலைமுறைக் கார்டு பழைய ஸ்லாட்டில் ஓடும், பழைய கார்டு புது ஸ்லாட்டிலும் ஓடும். இரண்டில் எது மெதுவோ அந்த வேகத்தில் ஓடும், அவ்வளவுதான். உங்கள் 3470 பிராசசர் பிசிஐ எக்ஸ்பிரஸின் 3.0 தலைமுறை வரை தரும், போர்டும் ஏற்றால் 1650-க்கு அதுவே போதும். ஒரு கார்டை மட்டும் முதலிலேயே தவிர்த்துவிடுங்கள்: ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400. மின்சாரம் குறைவு என்று யாராவது அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது 4.0 ஸ்லாட்டை நினைத்துச் செய்த கார்டு, தரவு போய்வரும் பாதை (லேன்) நான்கு மட்டுமே வைத்திருக்கிறது. பழைய போர்டில் போட்டால் வேகத்தில் அடிவாங்கும். வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய உதவும் என்கோடரும் அதில் கிடையாது. உங்கள் தொழிலுக்கு அது ஆகாது.

என்கோடர் என்றதும் இன்னொன்று. விலை குறைவு என்று ஜிடி 1030 பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். அதிலும் என்கோடர் இல்லை. போதாக்குறைக்கு ஒரே பெயரில் இரண்டு வகை வந்தது: 2017-இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு ஒன்று, அடுத்த வருஷம் டிடிஆர்4 மெமரியோடு ஒன்று. முதலாவது நொடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தும், இரண்டாவது 17 ஜிபி கூட எட்டாது. அட்டைப்பெட்டியில் பெயர் மட்டும் அதேதான். ஆல்பம் வேலை மட்டும் என்றால் முதல் வகையைச் சரி என்று சொல்லியிருப்பேன். வீடியோ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

1650-இல் 4 ஜிபி மெமரி, என்கோடரும் உண்டு. 75 வாட்தான் இழுக்கும். ஸ்லாட் வழியாகவே 75 வாட் வரை கிடைக்கும் என்பதால் தனி பவர் வயர் கேட்காத மாடல் நிறைய உண்டு. 6 பின் வயர் கேட்கும் மாடலும் இருக்கிறது, வாங்கும்போது கார்டின் மேல் விளிம்பைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது உங்கள் போட்டோ. லேபிளில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கிறது. அதைப் பார்க்கவே வேண்டாம். கீழே கட்டம் போட்டு +12 வோல்ட் என்ற இடத்தில் 14 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் இருக்கிறதே, அதுதான் விஷயம். 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள்: 168 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில் இருந்துதான் சாப்பிடும். உங்கள் பிராசசர் 77, கார்டு 75, சேர்த்தால் 152. அப்புறம் ஹார்டு டிஸ்க், ஃபேன், போர்டு. பழைய எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் சொன்ன அளவை முழுசாகத் தரும் என்று நம்பவும் முடியாது. வீடியோ எக்ஸ்போர்ட் பாதி ஓடும்போது மெஷின் தானாக அணைந்து எழும். நீங்கள் கார்டைத் திட்டுவீர்கள்.

அதனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மாற்றுங்கள். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை உள்ள நல்ல 450 வாட்டில் 12 வோல்ட் பக்கம் 30 ஆம்பியருக்கு மேல் இருக்கும். நாளைக்கு வேறு மெஷின் வாங்கினாலும் அதையும் கார்டையும் கழற்றிக்கொண்டு போகலாம், காசு வீணில்லை.

மானிட்டர் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1650-இல் விஜிஏ துளை கிடையாது. வீட்டில் கிடக்கும் சின்ன டிவிஐ-விஜிஏ அடாப்டரை மாட்டிவிடலாம் என்று மகன் நினைப்பான். அந்த அடாப்டரின் தட்டையான தகட்டைச் சுற்றி மேலே இரண்டு, கீழே இரண்டாக நான்கு பின் இருக்கும். 1650-இன் டிவிஐ துளையில் அந்த நான்குக்கும் ஓட்டையே இல்லை. அழுத்தினால் பின் வளையும். சிப் வைத்த எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் தனியாக விற்கிறது, விலையும் அதிகமில்லை. ஆனால் மணப்பெண் புடவையின் நிறத்தை விஜிஏ திரையில் பார்த்து பிரிண்ட்டுக்கு அனுப்புவதை நான் விரும்பவில்லை. கையில் கொஞ்சம் காசு புரண்டதும் எச்டிஎம்ஐ உள்ள மானிட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

கார்டைப் போடுமுன் பயாஸ் (மெஷினை எழுப்பிவிடும் போர்டின் உள் மென்பொருள்) பதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். சில எச்61 போர்டுகளில் பயாஸ் பழசாக இருந்தால் புதுக் கார்டு போட்டதும் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். போர்டு கம்பெனியின் தளத்தில் கடைசி பயாஸ் இருக்கும். யூபிஎஸ் இல்லாமல் அதை அப்டேட் செய்யாதீர்கள், நம் ஊர் கரண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. “விண்டோஸ் 11 போடலாமா?” என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள், அதற்கும் இப்போதே: உங்கள் 3470 மாதிரி மூன்றாம் தலைமுறை ஐ5-ஐ மைக்ரோசாஃப்ட் அதற்கான பிராசசர் பட்டியலில் சேர்க்கவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும், அதாவது பாதுகாப்பு அப்டேட்டும், 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதனால் வாடிக்கையாளர் படங்கள் இருக்கும் மெஷினில் பேங்க் வேலை பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஆபீசில் ஓடிய பழைய டெல் சிலிம் கேபினட் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நண்பனிடம் இருந்த கார்டு உள்ளே நுழையவில்லை. பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு வைத்தால் ஓடுமா அண்ணா?
– கல்லூரி மாணவர், குலசேகரம்

பதில்: ஓடும் தம்பி, எச்டிஎம்ஐ கேபிளை யாராவது கால் தட்டி இழுக்கும் வரை. பிராக்கெட்தான் கார்டைக் கேபினட்டோடு பிடித்து நிறுத்துவது. அது இல்லாமல் கேபிளின் கனம் முழுவதும் ஸ்லாட்டில் இறங்கும். லோ புரொஃபைல் (உயரம் குறைந்த கார்டு) என்று கேட்டு வாங்கு, பெட்டிக்குள் குட்டை பிராக்கெட் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார். ஒற்றைத் தடிமனா இரட்டைத் தடிமனா என்பதையும் கவனி, இரட்டை என்றால் பக்கத்து ஸ்லாட் மூடிப்போகும். அந்தக் கேபினட்டின் எஸ்.எம்.பி.எஸ். அளவே வேறு, கடையில் கிடைக்கும் சாதாரணமானது உள்ளே உட்காராது. ஆகவே பவர் வயர் கேட்காத கார்டு மட்டும்தான். உன் தேவைக்கு 30 வாட் ஜிடி 1030 ஜிடிடிஆர்5 போதும்.

கேள்வி: கோர் 2 டுவோ, ஜி31 போர்டு. பையன் கேம் விளையாட எந்தக் கார்டு போடலாம்?
– வாசகி, தக்கலை

பதில்: எதுவும் வேண்டாம் அக்கா. ஸ்லாட்டில் கார்டு உட்காரும், இரண்டு கோர் பிராசசர் அதற்கு ஈடு கொடுக்காது. அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஆபீசில் ஓடிய ஆறாம் தலைமுறை ஐ5 மெஷின் பாருங்கள். பரீட்சை முடிந்த பிறகு வாங்கினால் உங்களுக்கும் நிம்மதி.

கேள்வி: ஆன்லைன் விளம்பரத்தில் 1050 டிஐ 4 ஜிபி கார்டு பாதி விலைக்குக் கிடைக்கிறது. விஜிஏ போர்ட்டும் இருக்கிறதாம். நம்பலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: அந்த விஜிஏ போர்ட்தான் எனக்கு இடிக்கிறது. 1050 டிஐ சிப்பில் விஜிஏ சிக்னலே கிடையாது. பழைய 550 டிஐ மாதிரி கார்டில் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று காட்டும் பித்தலாட்டம் பல வருஷமாக நடக்கிறது. விண்டோஸும் அதை நம்பி அதே பெயரைக் காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் கொண்டு போங்கள். போலிக் கார்டு என்றால் பெரும்பாலும் பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டிவிடும். நேரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கூரியரில்தான் அனுப்புவேன், பணத்தை முதலில் போடு என்றால் விட்டுவிடுங்கள்.