நியூ இங்கிலாந்துக்குப் போகிறவர்களுக்குச் சொன்ன அறிவுரைகள்: எதை நம்புவது?

கேள்வி: முதுகலை ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 1620, 30களில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக்குக் குடிபெயர நினைத்தவர்களுக்காக எழுதப்பட்ட பயண நூல்கள் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். நாலைந்து படித்தாயிற்று. ஒருவர் சொர்க்கம் என்கிறார், இன்னொருவர் பட்டினி என்கிறார். எல்லாமே ஆள் பிடிக்கும் விளம்பரம்தான் என்று எழுதிவிடலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அப்படி எழுதிவிடாதீர்கள். விளம்பரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால் அப்புறம் ஆய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது, அது முழு உண்மையும் இல்லை. நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வது, நிலத்தையும் காற்றையும் புகழும் பக்கங்களை முதலில் தாண்டிப் போய், "வரும்போது இதையெல்லாம் கொண்டு வாருங்கள்" என்று வரும் பகுதியைப் படியுங்கள் என்பதுதான். புகழ்ச்சியை லண்டனில் உட்கார்ந்துகொண்டுகூட எழுதலாம். பட்டியல் அப்படி வராது, எது இல்லாமல் அங்கே ஆட்கள் தவித்தார்களோ அதுதான் பெரும்பாலும் அதில் இருக்கும்.

மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்கள் நியூ இங்கிலாந்தில் அமைத்த பிளிமத் குடியேற்றத்திலிருந்து, அவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ 1621 டிசம்பர் 11 தேதியிட்டு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு லண்டனில் அச்சான 'மோர்ட்ஸ் ரிலேஷன்' நூலில் அது இருக்கிறது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதன் முன்பகுதியை: அறுவடை முடிந்ததும் நாலு பேர் பறவை சுடப் போய் ஒரே நாளில் ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு ஆகும் அளவு கொண்டு வந்தார்கள், வாம்பனோவாக் பழங்குடித் தலைவர் மாசாசாய்ட் 90 பேரோடு வந்து மூன்று நாள் விருந்துண்டார், அவர் ஆட்கள் ஐந்து மான்களைக் கொண்டு வந்தார்கள். கடைசிப் பகுதியில் தொனி மாறிவிடுகிறது. ரொட்டி வைக்கும் அறை கப்பலில் நன்றாக இருக்கட்டும், பீருக்கும் தண்ணீருக்கும் இரும்பு வளையம் போட்ட பீப்பாய் வேண்டும், எலுமிச்சைச் சாறு கொண்டு வந்து வெறும் வயிற்றில் குடியுங்கள், உடுப்பும் படுக்கையும் நிறைய எடுத்து வாருங்கள், ஆளுக்கொரு துப்பாக்கி, ஜன்னலுக்குக் காகிதமும் ஆளிவிதை எண்ணெயும், விளக்குக்குப் பருத்தி நூல். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாமல் எண்ணெய் தடவிய காகிதத்தை ஒட்டி ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர்கள் எழுதும் வரி அது. எலுமிச்சைச் சாறும் சும்மா வரவில்லை. மேஃப்ளவரில் வந்த 102 பேரில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள், பழமும் காயும் இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயும் அதற்கு ஒரு காரணம்.

அதே கடிதத்தில் இன்னொரு வரி இருக்கிறது: தானியத்துக்கு இப்போதைக்கு எங்களை ரொம்ப நம்பி வராதீர்கள், கடைசியாக வந்த கூட்டம் முழுக்க எங்களையே நம்பியிருப்பதால் அறுவடை வரைக்கும் எங்களுக்கே போதாது. விருந்தைப் பற்றி எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. இதைப் புரிந்துகொள்ள, அங்கே ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டின் பிளிமத் வரலாற்றைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். 1621 நவம்பரில் ஃபார்ச்சூன் என்ற கப்பலில் 35 பேர் வந்து இறங்கினார்கள். ஒரு பிஸ்கட்டுகூட இல்லை, படுக்கை இல்லை, சமைக்கப் பானை சட்டி இல்லை, உடுப்பும் அதிகமில்லை என்று பிராட்ஃபோர்ட் எழுதுகிறார். உடனே எல்லோருக்கும் அரைப் பங்கு உணவு என்று ஆக்க வேண்டியதாயிற்று. வின்ஸ்லோவின் கடிதம் திரும்பிப் போனதும் அதே கப்பலில்தான் (வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துச் சரக்கையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள், கடிதம் தப்பி வந்து சேர்ந்தது). ஆக, படுக்கை கொண்டு வா, உடுப்பு கொண்டு வா என்பது பொதுவான புத்திமதி இல்லை, சில வாரங்களுக்கு முன் இன்னின்ன இல்லாமல் வந்து நின்றவர்களைப் பார்த்துவிட்டு எழுதியது.

அதற்காக முன்பகுதி பொய் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த இலையுதிர்கால வளத்தைப் பற்றி ஊருக்கு எழுதியவை கற்பனையல்ல, உண்மைச் செய்திகளே என்று பிராட்ஃபோர்டும் சொல்கிறார். அவர் நூல் 1856 வரை முழுதாக அச்சேறவே இல்லை, ஆகவே அவர் அதை ஆள் சேர்க்க எழுதினார் என்று சொல்லவும் வழியில்லை. அக்டோபரில் நிறைய இருந்தது, டிசம்பரில் தட்டுப்பாடு. இரண்டும் ஒரே வருடத்தில் நடந்தவை.

எந்த மாதத்தில் எழுதினார் என்று பார்ப்பது இந்த நூல்களுக்கு அவ்வளவு முக்கியம். கடலோடி ஜான் ஸ்மித் நியூ இங்கிலாந்துக் கரையைச் சுற்றியது 1614 கோடையில், அந்த ஒரே தடவைதான். 1616இல் நூல் வந்தது, திரும்ப அவர் அங்கே போய்ச் சேரவே இல்லை. பாதிரியார் ஃபிரான்சிஸ் ஹிக்கின்சன் 1629 ஜூன் கடைசியில் மாசசூசெட்ஸின் சேலத்தில் இறங்கி, அந்தக் கோடையிலேயே தன் நூலை எழுதி அனுப்பிவிட்டார். பழைய இங்கிலாந்தின் பீரை மடமடவென்று குடிப்பதைவிட நியூ இங்கிலாந்துக் காற்றில் ஒரு மிடறு மேல் என்ற பிரபலமான வாக்கியம் அவருடையதுதான். உடம்பு தேறிவிட்டது என்று மனதார நம்பித்தான் எழுதியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே ஒரே ஒரு குளிர்காலம்தான் பார்த்தார், 1630 ஆகஸ்டில் காய்ச்சலில் இறந்தார். அவர் நூல் லண்டனில் அச்சானதும் அதே 1630இல்தான்.

ஹிக்கின்சன் நூலோடு சேர்த்து அச்சிட்ட பட்டியலை, தெற்கே வர்ஜீனியாவில் குடியேற்றம் நடத்திய வர்ஜீனியா கம்பெனி 1622இல் வெளியிட்ட ஒற்றைத்தாள் அறிவிப்போடு ஒப்பிடுங்கள். உங்கள் ஆய்வேட்டுக்கு இது நல்ல சான்று. ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்கு 8 புஷல் மாவு, 2 புஷல் பட்டாணி, 2 புஷல் ஓட்ஸ், எண்ணெய் 1 காலன், வினிகர் 2 காலன். இரண்டிலும் இதே கணக்கு. ஒரு புஷல் கிட்டத்தட்ட 35 லிட்டர், அப்படியென்றால் மாவு மட்டும் 280 லிட்டர். தேவையான பொருள் இல்லாமல் போய்ச் சிலர் பட்ட பாட்டைச் சொல்லித்தான் வர்ஜீனியா அறிவிப்பே தொடங்குகிறது. இரண்டு குடியேற்றங்களுக்கும் வேறு வேறு தட்பவெப்பம், வேறு வேறு முதலாளிகள், ஆனால் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்று. எனவே பட்டியல் எல்லாமே நேரடி அனுபவம் என்றும் நம்பிவிடக் கூடாது. அச்சுப் பட்டியல் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படுவதும் உண்டு, வின்ஸ்லோவினுடையது மாதிரி கடிதத்துக்குள் வரும் பட்டியல் வேறு ரகம். இந்த வேறுபாட்டையே ஓர் இயலாக எழுதலாம்.

இந்த மிகைப்படுத்தலைக் கண்டித்தவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். கிறிஸ்டோபர் லெவெட் 1628இல் அச்சான தன் பயண நூலில், மான் கூப்பிட்டால் வராது, மீன் தானாகக் குதித்துச் சட்டியில் விழாது, நிலம் தெரியும் முன்னே தானிய வயலின் வாசனை வரும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன் என்கிறார். 1630இல் மாசசூசெட்ஸுக்குத் துணை ஆளுநராக வந்த தாமஸ் டட்லியின் கடிதம் இன்னும் கடுமை. நல்ல மனிதர்களே, மற்றவர்களை வரவழைக்கும் ஆசையில் சற்று மிகைப்படுத்தி எழுதிவிட்டார்கள் என்று நேரடியாகச் சொல்கிறார். 1630 ஏப்ரல் முதல் டிசம்பருக்குள் குறைந்தது 200 பேர் இறந்தார்கள், முன்னால் அனுப்பிய 180 வேலையாட்களில் மிஞ்சியவர்களைச் சோறு போட முடியாமல் விடுவிக்க வேண்டியிருந்தது, அவர்கள் ஒவ்வொருவரையும் அனுப்ப 16 முதல் 20 பவுண்டு செலவாகியிருந்தது. இது லிங்கன் கோமாட்டிக்கு எழுதிய தனிக் கடிதம், அச்சானது 1696இல். யார் படிக்க எழுதினார் என்பது எவ்வளவு மாற்றத்தைக் கொண்டுவருகிறது என்று இங்கே தெளிவாகத் தெரியும்.

நான் அக்கறையோடு கேட்டுக்கொள்வது ஒன்று. இந்த நூல்கள் "காலியாகக் கிடக்கும் நிலம்" என்று எழுதும் இடங்களைச் சும்மா கடந்து போகாதீர்கள். 1616 முதல் 1619 வரை அந்தக் கரையோரத்தில் கொள்ளைநோய் பழங்குடி ஊர்களையே அழித்துவிட்டது. பிளிமத் அமைந்த இடம் படுக்ஸெட் என்ற ஊர், உழுது பண்படுத்திய நிலம். அந்த ஊரைச் சேர்ந்த டிஸ்குவாண்டம், 1614இல் ஸ்மித்தின் பயணத்தில் இன்னொரு கப்பலை நடத்திய தாமஸ் ஹன்ட்டால் இருபதுக்கும் மேற்பட்டவர்களோடு கடத்தப்பட்டு ஸ்பெயினுக்குக் கொண்டுபோகப்பட்டவர். ஸ்மித் தன் நூலில் ஹன்ட்டின் செயலைக் கண்டிக்கவும் செய்கிறார். தப்பித் திரும்பி வந்த டிஸ்குவாண்டம்தான் மீனை உரமாகப் போட்டு மக்காச்சோளம் விதைக்கப் பிளிமத்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். வின்ஸ்லோ பெருமையாகச் சொல்லும் 20 ஏக்கர் மக்காச்சோளம் அப்படி விளைந்தது. இங்கிலாந்திலிருந்து கொண்டு வந்த பட்டாணி வெயிலில் கருகிப்போனது என்று அவரே எழுதுகிறார்.

சரி, நடைமுறைக்கு வருவோம். மூலங்களுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அலெக்சாண்டர் யங் தொகுத்த இரண்டு தொகுதிகள் (1841, 1846) இன்டர்நெட் ஆர்கைவில் இலவசம். வின்ஸ்லோ கடிதம் முதலாவதிலும், ஹிக்கின்சனும் டட்லியும் இரண்டாவதிலும் கிடைக்கும். தேதியில் கவனம் தேவை: அன்றைய ஆங்கிலேயருக்கு ஆண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும், அதனால் டட்லி கடிதத்தில் மார்ச் 1630 என்று இருப்பது நம் கணக்கில் 1631. இதைக் கவனிக்காமல் விட்டால், அவர் புறப்படுவதற்கு முன்பே அங்கிருந்து கடிதம் எழுதியதாக உங்கள் ஆய்வேட்டில் வந்துவிடும்.

முதலில் ஒரு அட்டவணை போடுங்கள்: ஆசிரியர், அங்கே இருந்த மாதங்கள், எழுதிய மாதம், யாருக்காக, எந்த ஆண்டு அச்சு. அதை நிரப்பிவிட்டு, வின்ஸ்லோவின் கடைசிப் பகுதியையும் பிராட்ஃபோர்டின் 1621 நவம்பர்ப் பக்கங்களையும் வரிக்கு வரி ஒப்பிட்டு முதல் இயலை எழுதி உங்கள் வழிகாட்டியிடம் காட்டுங்கள்.