மண் ஈரமாக இருந்தும் மணி பிளாண்ட் வாடுகிறது. வேரழுகலா? காப்பாற்ற முடியுமா?

வாரம் இரண்டு முறை தவறாமல் தண்ணீர் விட்டும் கீழ் இலைகள் மஞ்சளாகின்றன, கொடி துவண்டு தொங்குகிறது, மண்ணோ ஈரமாகவே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊற்றாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வேரழுகலுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இப்படி ஊற்றி ஊற்றியே ஒரு பீஸ் லில்லியை நான் கொன்றிருக்கிறேன். இலை தொங்கியது, தாகம் என்று நினைத்தேன். மறுநாள் இன்னும் தொங்கியது, இன்னும் ஊற்றினேன். கடைசியில் தண்டைப் பிடித்துத் தூக்கினால் செடி மட்டும் கையோடு வந்துவிட்டது, வேர் மண்ணிலேயே தங்கிவிட்டது. அழகாக இருக்கிறதே என்று அந்தப் பிளாஸ்டிக் தொட்டியைத் துளையில்லாத ஒரு பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்திருந்தேன். அதன் அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர், சாக்கடை நாற்றத்தோடு.

வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் காற்று இருக்க வேண்டும். அந்த இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் திணறிவிடும். காற்றோடு ஒப்பிட்டால் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். அப்படித் துவண்ட வேரைத் தேடி பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நுண்ணுயிரிகள் வரும். வரும் என்றால் நிஜமாகவே நீந்தி வரும். அவற்றின் வித்துகளுக்கு வால் உண்டு, தேங்கிய தண்ணீர்தான் பாதை. வேர் செத்த பிறகு சுற்றிலும் தண்ணீர் நின்றாலும் அதை உறிஞ்சி மேலே அனுப்ப ஆள் இல்லை. அதனால்தான் ஈர மண்ணிலும் இலை வாடுகிறது.

சரி, இப்போது என்ன செய்வது? செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து, மண்ணை உதறி, வேரைக் குழாயடியில் கழுவுங்கள். மணி பிளாண்டின் நல்ல வேர் வெளிர் நிறத்தில், தொட்டால் கெட்டியாக இருக்கும். பழுப்பாகத் தெரியும் ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருவிப் பாருங்கள். அழுகியிருந்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து, உள்ளே நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். தென்னை நார்த்தூளில் வளர்ந்த வேர் அந்தக் கறையாலேயே பழுப்பாகத் தெரியலாம். கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

குழைந்ததை எல்லாம் வெட்டுங்கள். கத்தரியை முதலில் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். நல்ல திசு தெரியும் வரை வெட்ட வேண்டும், இங்கே இரக்கம் பார்த்தால் நாலே நாளில் மறுபடி பரவும். வேர் பாதி போய்விட்டால் கொடியையும் கொஞ்சம் குறையுங்கள், மிச்சமிருக்கும் வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. பழைய மண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, இருக்கும் வேர் கொள்ளும் அளவுக்குச் சின்னத் தொட்டியில் புது மண்கலவையில் நடுங்கள். ஒரு முறை தண்ணீர் விட்டு, நன்றாக வடியவிட்டு, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். புதுத் துளிர் வரும்வரை உரம் வேண்டாம்.

மருந்து பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்து அடங்கிவிடும், நல்ல வேர் நுனியையும் சேர்த்துச் சுடும். இலவங்கப்பட்டைத் தூள் தூவுவதால் பெரிதாக எதுவும் ஆகாது என்பது என் அனுபவம். பூஞ்சைக்கொல்லி என்றதும் பலர் எடுப்பது கார்பென்டாசிம். அது பித்தியத்திடமும் பைட்டோப்தோராவிடமும் எடுபடாது, ஏனென்றால் அவை அசல் பூஞ்சையே இல்லை, ஊமைசீட் என்ற வேறு கூட்டம். அவற்றுக்கு மெட்டலாக்சில் போன்ற மருந்து வேண்டும். ஒரே ஒரு வீட்டுச் செடிக்கு நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கத்தரியும் புது மண்ணும்தான் முக்கால்வாசி வைத்தியம்.

அப்புறம், நடும்போதே நல்ல கொடியில் இரண்டு மூன்று கணுக்களை வெட்டித் தண்ணீரில் போட்டு வையுங்கள். தாய்ச்செடி போனாலும் இவை பிழைக்கும். தண்ணீரிலேயே வேர் விடுகிறதே, அப்போது அழுகாதா என்று கேட்பீர்கள். அங்கே வளரும் வேர் ஆரம்பத்திலிருந்தே தண்ணீருக்குப் பழகி வளர்கிறது, அதோடு நீங்களும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

இனி வராமல் இருக்க, தொட்டியின் அடியில் கூழாங்கல் போடுவதை முதலில் நிறுத்துங்கள். தண்ணீர் வடியத்தானே போடுகிறோம் என்பீர்கள், நடப்பது நேர்மாறு. பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்றை நன்றாக நனைத்து, படுக்கவைத்த நிலையில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி சொட்டும். மண்ணும் இந்தப் பஞ்சு மாதிரிதான். எந்த மண்ணும் தன் அடிப்பகுதியில் குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்குக் கீழே கல் இருந்தாலும் அப்படித்தான். கல் போட்டால் அந்த ஈர அடுக்கு வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏறிவரும், அவ்வளவுதான். அதற்குப் பதில் மண்கலவை முழுவதிலும் பெர்லைட்டோ (கனமில்லாத வெள்ளைக் கல் துகள்) மரப்பட்டைத் துண்டுகளோ கலந்து இடுக்குகளைக் கூட்டுங்கள். சின்னச் செடிக்குப் பெரிய தொட்டியும் ஆபத்து, வேர் எட்டாத மண் நாள்கணக்கில் காயாது.

கிழமை பார்த்து ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வெளிச்சம் குறைந்த நாட்களில் செடி குடிப்பதும் குறையும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் பட்டால் இன்று வேண்டாம். நான் தொட்டியைத் தூக்கியே பார்த்துவிடுவேன். நனைந்த தொட்டியின் கனம் ஒரு முறை கைக்குப் பிடிபட்டால் காய்ந்ததும் சட்டென்று தெரியும்.

அந்தப் பீங்கான் தொட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது தண்ணீர் விடும்போது உள்தொட்டியை வெளியே எடுத்து, அரைமணி நேரம் வடியவிட்ட பிறகுதான் திரும்ப இறக்குகிறேன்.